விடை கேட்டுப் பிரிதல்

திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பழனியிலிருந்து கொழுமம் செல்லும் வழியில், பாப்பம்பட்டியை அடுத்து ஐவர்மலை அமைந்துள்ளது. திருவயிரை என்பது இதன் பழம்பெயர். இயற்கையாய் அமைந்த நீண்ட குகைத்தளத்தின் முகப்பில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு சக ஆண்டு 792ஐக் குறிப்பிடுகிறது. அது கி.பி. 870, இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய காளத்துச் சாந்திவீரக் குரவர், பார்சுவ பட்டாரரையும் இயக்கி அவ்வைகளையும் புதுக்கி, திருவமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி. வரகுணன் 862இல் அரியணை ஏறினான் என்று ஐயமின்றிக் கணிக்க வரலாற்றாசிரியர்களுக்குத் துணையாய் நிற்பதும் இக்கல்வெட்டே.

இதே மாவட்டத்தில், நிலக்கோட்டை வட்டத்து மேட்டுப்பட்டிச் சித்தர்மலையில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த கற்படுக்கைகள் உள்ளன. அவற்றின்மேல் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளில் மதுரையைச் சேர்ந்த ஓர் அமணரின் உறைவிடம் குறிக்கப்படுகிறது. இவ்விரு குன்றுகளுக்கும் சென்று வணங்கும் நம்மவர்கள் துறவியரின் பெருமையை எண்ணி மனம் நெகிழ்கிறோம். அது தக்கதே. எனினும், வரலாற்றைப் பயில்வோர் கேட்க வேண்டிய மற்றொரு வினாவும் உண்டு. அந்தக் கற்படுக்கையில் துயின்றவர் யாருடைய இல்லத்தைவிட்டு வந்தார்? அவர் வெளியேறிய வாயிலில் நின்றிருந்தவர் யார்?

கல் சொல்லாத இல்லம்

கல்வெட்டுகள் துறவியரின் ஆசிரியர் பெயரைச் சொல்லும், ஊரைச் சொல்லும், அளித்த கொடையைச் சொல்லும். இல்லறப் பெயரையும், பிரிந்த துணைவரின் பெயரையும் அவை பொதுவாகச் சொல்வதில்லை. துறவு ஒரு புதுப்பிறப்பு என்பதால் பழைய உறவைக் குறிக்கும் வழக்கம் இல்லை.

பெண் துறவியர்க்கும் இதுவே நிலை. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் பலர் இடம்பெறுகின்றனர். வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் என்னும் ஊரின் கல்வெட்டு, முதலாம் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியர் 500 பேரையும் காத்து உணவளிப்பதாக அவ்வூர் இல்லறத்தார் பொறுப்பேற்ற செய்தியை அது கூறுகிறது. ஐந்நூறு பெண்டிர் என்பது சிறிய எண்ணிக்கை அன்று. அவருள் கன்னியர் இருந்திருப்பர், கைம்பெண்டிர் இருந்திருப்பர், கணவர் துறவு பூண்டதால் தாமும் துறந்தோரும் இருந்திருக்கக்கூடும். அவரவர் கதையைக் கல் நமக்குச் சொல்லவில்லை.

கல் விட்டதைப் புராணங்களும் காப்பியங்களும் சொல்லியிருக்கின்றன. அன்பால் இணைந்த இருவரின் இல்லறம் முடிவுக்கு வரும்போது எழும் துயரத்தை நம் முன்னோர் மறைக்கவில்லை. அதை ஓதி, கேட்டு, சிலையாகவும் வடித்தனர். அவற்றை ஒருசேர வைத்துக் காணும்போது, பிரிவைப் பற்றி நம் சமயம் வகுத்த நெறி ஒன்று புலப்படுகிறது.

தேர் திரும்பிய நாள்

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாத சுவாமியின் வரலாற்றை அறியாத தமிழ்ச் சமண இல்லம் இல்லை. ஸ்ரீபுராணம் வாசிக்கும் வீடுகளில் பிள்ளைகள் இளமையிலேயே கேட்டு வளர்ந்த வரலாறு அது. சமுத்திரவிஜய மன்னர்க்கும் சிவதேவிக்கும் மைந்தர், கண்ணபிரானின் உறவினர். உக்கிரசேனரின் மகள் இராஜீமதியை மணக்கத் தேரேறிச் செல்கிறார். வழியில், மண விருந்துக்கென அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் கதறல் அவர் செவியில் விழுகிறது. தேர் திரும்புகிறது. மணக்கோலம் களைந்து ஊர்ஜயந்தகிரியில் துறவு மேற்கொள்கிறார். இன்று கிர்நார் என வழங்குவது அம்மலையே.

உயிர்க்கொலைக்கு அஞ்சிய அருளின் உச்சம் என இதனைப் போற்றுகிறோம். அதே வேளையில் மணமாலையோடு காத்திருந்த இராஜீமதியையும் நம் மரபு மறக்கவில்லை. வேறொரு மணமகனைத் தேடலாம் என்று உற்றார் கூறிய ஆறுதலை அவள் ஏற்கவில்லை. பின்னர் அவளும் துறவு பூண்டாள். இராஜுல் என்னும் பெயரால் வடநாட்டுச் சமணர் அவளது பிரிவுத் துயரைப் பல நூற்றாண்டுகளாகப் பாடி வருகின்றனர். மாதத்துக்கொரு பாட்டாகப் பன்னிரு மாதத் துயரையும் கூறும் பாடல் வகையில் அவள் விருப்பமான தலைவியாயினாள். தீர்த்தங்கரரின் துறவைப் போற்றும் சமயமே, அத்துறவால் ஒருத்தி பட்ட வேதனையையும் பாடக் கூசவில்லை. இது சிந்திக்கத்தக்கது. பிரிவின் காரணம் எத்துணை உயர்ந்ததாயினும் பிரிவின் வலி குறைந்துவிடுவதில்லை என்பதை அப்பாடல்கள் ஒப்புக்கொள்கின்றன.

நேமிநாதர் தமிழகத்தில் பெரிதும் போற்றப்பட்டவர். தென்மயிலைக் கோயிலில் எழுந்தருளிய அவர் பெயரையே குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு இட்டார். போளூரை அடுத்த திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கும் அவருடைய பேருருவை நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் வணங்கி வருகின்றன. அவ்வுருவைக் கண்டு மலை இறங்குவோர், அதே தலத்தில் சிங்கமும் சிறுவரும் சூழக் காட்சி தரும் தருமதேவியையும் வணங்குகின்றனர். அத்தேவியின் முற்பிறப்பு வரலாறு, உடைந்த மணவாழ்வு ஒன்றின் வரலாறு.

அக்கினிலையின் வழி

தருமதேவி, அம்பிகை, கூஷ்மாண்டினி எனப் பல பெயர்களால் வழங்கும் இவ்வியக்கி, முற்பிறப்பில் அக்கினிலை என்னும் இல்லாள். கணவன் சோமசர்மன் என்னும் அந்தணன், பிள்ளைகள் இருவர். நீத்தார் கடன் செய்யும் நாளில், அழைக்கப்பட்டோர் உண்ணுமுன், வாயிலுக்கு வந்த வரதத்த முனிவர்க்கு அவள் உணவளித்தாள். விருந்தினர் சினந்தனர். அவர்தம் சினத்தைக் கண்டு கணவனும் சினந்தான்; அவளை இல்லத்தினின்று வெளியேற்றினான். ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைக் கையிலுமாகக் கொண்டு அவள் ஊர்ஜயந்தகிரியை நோக்கி நடந்தாள். பசித்த பிள்ளைகளுக்காகப் பருவமல்லாப் பருவத்தில் மாமரம் கனி தந்தது என்பது புராணம்.

அவளது அறத்தின் உயர்வை ஊரார் பின்னர் உணர்ந்தனர். சோமசர்மனும் உணர்ந்தான். வருந்தி, அவளை அழைத்துவர மலைக்கு ஓடிவந்தான். ஆனால் அவன் வருவதைத் தொலைவில் கண்ட அக்கினிலை, தன்னைத் துன்புறுத்தவே வருகிறான் என்று அஞ்சி மலையுச்சியினின்று விழுந்து உயிர்நீத்தாள். மறுபிறப்பில் நேமிநாதரின் இயக்கியானாள். துயரம் தாளாமல் இறந்த கணவன், அவளது ஊர்தியாகிய சிங்கமாகப் பிறந்தான்.

இக்கதையில் என் உள்ளத்தை மிகவும் தைப்பது அவன் ஓடிவரும் காட்சியே. அவன் அன்போடு வருகிறான்; அவள் அச்சத்தோடு பார்க்கிறாள். ஒருமுறை சினத்தால் உடைந்த நம்பிக்கை, வருந்தி வருபவனின் முகத்தைக்கூட அடையாளம் காண விடுவதில்லை. இருவரிடையே அன்பு இருந்தது. அது மட்டும் போதவில்லை. ஊராரின் சினத்தைத் தன் சினமாக ஏற்றுக்கொண்ட அந்த ஒரு கணத்தில், மனைவியிடம் ஒரு சொல் கேட்க அவன் தவறினான்.

கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையில், கன்னியாகுமரி மாவட்டச் சிதறாலில், திருமலையில் என இத்தேவியின் உருவம் பல இடங்களில் சிங்கத்தோடு செதுக்கப்பட்டுள்ளது. சிற்பிகள் சோமசர்மனை அகற்றிவிடவில்லை. அவள் அருகிலேயே அமர்த்தினர். குற்றம் செய்தவனுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் அவள்மேல் ஆணை செலுத்தும் இடம் அன்று.

சிறுமலை வழியும் கவுந்தியடிகளும்

திண்டுக்கல் சமவெளியில் எங்கு நின்று நோக்கினும் சிறுமலை கண்ணில் படும். சிலப்பதிகாரத்தில் இம்மலையின் பெயர் வருகிறது. புகாரினின்று மதுரைக்குச் செல்லும் கோவலனுக்கு, மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைக் கூறுகிறான். கொடும்பாளூரை அடுத்துப் பிரியும் அவ்வழிகளுள் வலப்புறத்து வழி சிறுமலையை ஒட்டிச் செல்வது. இடப்புறத்து வழி திருமால்குன்றத்தின் பக்கமாகச் செல்வது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் இடைவழியில் நடந்தனர்.

மூவருள் இருவர் அண்மையில்தான் மீண்டும் இணைந்தவர்கள். கோவலன் தன் மனைவியிடம் விடைபெறாமலே மாதவியின் இல்லத்தில் தங்கிவிட்டவன். திரும்பி வந்தபின் தன் பிழையை எண்ணி வருந்துகிறான். மதுரையில், ஆயர் சேரியில், உணவுக்குப்பின் அவன் மனம் திறந்து பேசும்போது கண்ணகி அளிக்கும் மறுமொழி நுட்பமானது. அறவோர்க்கு அளித்தல், துறவியரை எதிர்கொள்ளல், விருந்து ஓம்பல் ஆகிய இல்லறக் கடமைகளைத் தான் இழந்து நின்றதை அவள் எடுத்துரைக்கிறாள். அவன் செய்தது போற்றத்தகாத ஒழுக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறாள். கணவன் பிரிந்தபோது அவள் இழந்தது ஒரு துணையை மட்டும் அன்று. அறம் செய்யும் தகுதியையே இழந்தாள் என்பது அவள் சொற்களின் கருத்து. அக்கினிலை தானம் செய்ததால் இல்லம் இழந்தாள். கண்ணகி இல்லம் இழந்ததால் தானம் இழந்தாள். இருவர் துயரத்தையும் இணைத்துப் பார்ப்போர்க்கு, கைவிடப்பட்ட பெண்ணின் வேதனை எங்கெல்லாம் வேர்விடும் என்பது விளங்கும்.

இனிக் கவுந்தியடிகளை நோக்குவோம். எறும்புக்கும் தீங்கு நேராவண்ணம் நடக்கும் நோன்பு பூண்ட சமணத் துறவி. பற்றினை அறுத்தவர். ஆயினும், கோவலன் கொலையுண்டதையும் கண்ணகிக்கு நேர்ந்ததையும் கேட்டபின், உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தார் எனக் காப்பியம் கூறுகிறது. துறவுக்கோலம் பூண்ட ஒருவரே பிறருடைய இல்லறம் அழிந்ததைத் தாங்கவில்லை. பற்றின்மை என்பது பிறர் துயரத்துக்குக் கதவடைத்தல் என்று பொருள்கொள்வோர் கவுந்தியடிகளை மீண்டும் படிக்க வேண்டும்.

சீவகன் சொல்லிச் சென்றான்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியை மணநூல் என்பர். எட்டு மணங்களைப் பாடிய அந்நூல் முத்தி இலம்பகத்தில் நிறைவுறுகிறது. சீவகனுக்குத் துறவெண்ணம் பிறக்கும் காட்சியும் ஓர் இல்லறக் காட்சியே. சோலையில் ஊடிய மந்தியைத் தேற்ற ஆண்குரங்கு பலாச்சுளையைக் கொடுக்கிறது. அதற்குள் காவலன் குரங்குகளை விரட்டிப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். அன்பின் இன்பமும் அதன் நிலையாமையும் ஒரே கணத்தில் சீவகன் கண்முன் நிகழ்ந்துவிடுகின்றன.

அவன் இரவோடிரவாக வெளியேறவில்லை. தன் உள்ளத்தைத் தேவியர்க்கு எடுத்துரைக்கிறான். அவர்கள் கலங்குகின்றனர், கேட்கின்றனர், பின்னர் தாமும் துறவு மேற்கொள்கின்றனர். நள்ளிரவில் துயிலும் மனைவியைப் பார்த்துவிட்டுச் சென்ற சித்தார்த்தரின் வரலாறும் இந்திய மரபில் உண்டு. சீவகனின் பிரிவு அவ்வகையினது அன்று. அது சொல்லிப் பிரிந்த பிரிவு.

இது காப்பியப் புலவரின் கற்பனை மட்டும் அன்று. ஆசாரியர்கள் வகுத்த முறையும் ஆகும். பொன்னூர்மலையில் நாம் திருவடி வணங்கும் குந்தகுந்த ஆசாரியர், பிரவசனசாரத்தில் துறவு பூண விழைவோன் முதலில் செய்ய வேண்டுவதைக் கூறுகிறார். சுற்றத்தாரிடம் விடை கேட்க வேண்டும். பெரியோரும் மனைவியும் மக்களும் அவனை விடுவிக்க வேண்டும். அதன்பின்னரே அவன் ஆசாரியரை அணுக வேண்டும் என்பது அதன் கருத்து. உலகைத் துறப்பவனும்கூட இன்னோர் உயிரிடம் விடை பெற்றே செல்ல வேண்டும். விடை கேட்டல் வெறும் மரியாதையன்று; அகிம்சையின் ஒரு கூறு. என்ன நிகழ்கிறது என்று அறியாமல் விடப்பட்ட உயிர் அடையும் துன்பமும் துன்பமே.

நம் காலத்திலும் இவ்வினா எழுந்தது. 2017இல் மத்தியப் பிரதேசத்து இளந்தம்பதியர் இருவர் துறவு பூண முடிவு செய்தபோது நாடெங்கும் அது பேசப்பட்டது. செல்வத்தில் குறைவில்லை, மணவாழ்விலும் பிணக்கில்லை. ஒருவரிடம் ஒருவர் விடை பெற்றே பிரிந்தனர். ஆனால் அவர்களுக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை இருந்தது. மூன்று வயதுக் குழந்தையிடம் விடை கேட்பது எங்ஙனம்? குந்தகுந்தரின் சொல்லில் மனைவியோடு மக்களும் சேர்க்கப்பட்டிருப்பதை அவ்விவாதம் நமக்கு நினைவூட்டியது.

சட்டம் வகுத்த வழி

இன்று மணமுறிவு பெரும்பாலும் துறவால் நேர்வதில்லை. மனவேறுபாட்டாலும், தொழிலால் நேரும் நெடும்பிரிவாலும், குழந்தையின்மையாலும், இரு குடும்பங்களின் பிணக்காலும் நேர்கிறது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். மணமுறிவுக்கு அது கூறும் காரணங்களுள், துணைவர் உலகைத் துறந்து சமயத் துறவில் சேர்தலும் ஒன்று. பின்தங்கியவர் காலமெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் பொருள்.

1976ஆம் ஆண்டுத் திருத்தம், இருவரும் ஒருமனப்பட்டுப் பிரிய வழி செய்தது. ஓராண்டேனும் தனித்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுச்செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் நீதிமன்றத்தில் தம் முடிவை உறுதி செய்ய வேண்டும். தக்க சூழலில் அவ்வாறு மாதக் காலத்தைத் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. அக்காலத்தை வெறும் காத்திருப்பாகக் கழிப்போர் பலர். நம் மரபின் கண்கொண்டு நோக்கினால், அது ஒருவரை ஒருவர் கேட்டறியச் சட்டம் அளிக்கும் கால இடைவெளி. விடை கேட்பதற்கான பொழுது.

2014இல் சமணர் சிறுபான்மையினராக நாடு முழுமைக்கும் அறிவிக்கப்பட்டனர். அதனைக் காரணங்காட்டி, இச்சட்டம் சமணர்க்குப் பொருந்தாது என்று இந்தூர்க் குடும்ப நீதிமன்றம் ஒன்று மணமுறிவு மனுவை ஏற்க மறுத்தது. 2025இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அம்முடிவை நீக்கி, சட்டம் சமணர்க்கும் உரியதே எனத் தெளிவுபடுத்தியது. நம் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

நாம் செய்யத்தக்கது

எண்ணிக்கையில் சிறிய சமூகம் நம்முடையது. பெண் கொடுத்த ஊரும் பெண் எடுத்த ஊரும் ஏதோவொரு வகையில் உறவாகவே இருக்கும். ஆகவே ஓர் இல்லம் பிரிந்தால் இரண்டு ஊர்கள் பிரிகின்றன. திருவிழாவில் ஒரு குடும்பம் வந்தால் மற்றொரு குடும்பம் வருவதில்லை. பிறந்தகம் திரும்பிய பெண் ஜிநாலயத்துக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறாள். ஆடவன் வேலையைக் காரணங்காட்டி வெளியூரிலேயே தங்கிவிடுகிறான். தந்தை ஊருக்குப் போயிருப்பதாக ஆண்டு முழுவதும் சொல்லும் பிள்ளைகளை ஆசிரியர்கள் நன்கறிவர். அந்தப் பொய்யை அவர்களுக்குக் கற்பித்தது நம் மௌனமே.

அன்போடு வாழ்ந்த இருவர் பிரியும்போது, அன்பு இருந்தும் ஏன் பிரிந்தனர் என்று ஊர் கேட்கிறது. அன்பு இருந்ததால்தான் அவ்வளவு வலிக்கிறது என்பதை ஊர் உணர்வதில்லை. பகைத்துப் பிரிந்தவர் வழக்கை முடித்துவிட்டு உறங்குகின்றனர். அன்பை வைத்துக்கொண்டே பிரிந்தவர், உணவு பரிமாறும்போது ஒரு தட்டை மிகுதியாக எடுத்து, பின் திரும்ப வைக்கின்றனர். துணைவர் இறந்தால் பத்து நாள் உறவினர் சூழ்ந்திருப்பர். இவர்களது இழப்புக்கோ துக்கம் கேட்கவும் எவரும் வருவதில்லை.

பிரியாமல் வாழ இயன்ற எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. சோமசர்மன் கேட்கத் தவறிய ஒரு சொல்லைக் கேட்டால் பல இல்லங்கள் நிலைக்கும். ஊராரின் சினத்தை வீட்டுக்குள் கொண்டுவராதிருந்தால் இன்னும் பல நிலைக்கும். அவற்றையும் கடந்து பிரிவு நேருமாயின், அது விடை கேட்ட பிரிவாக அமையட்டும். பழியின்றி, பொய்யின்றி, பிள்ளைகளுக்கு அவர்தம் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லிப் பிரியட்டும். உத்தம க்ஷமையை முதலாவதாக வைத்துப் பத்து அறங்களைக் கொண்டாடும் சமூகம், மன்னிப்பு கேட்கவும் அளிக்கவும் ஆண்டுதோறும் பயிற்சி பெறுகிறது. அப்பயிற்சி முதலில் பயன்பட வேண்டிய இடம் இல்லமே.

அறக்கட்டளைகளும் ஆலயக் குழுவினரும் இதில் செய்யத்தக்கது எளிது. பிரிந்து வாழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பூசையிலும் தானத்திலும் உரிய இடத்தை முன்னின்று அளிக்கலாம். கண்ணகி இழந்ததாகச் சொன்னதைப் பிரிந்து வாழும் பெண்டிர் இழக்காதிருக்கச் செய்யலாம். வேடல் ஊரின் இல்லறத்தார் ஐந்நூறு மாணாக்கியரைக் காப்பதாகக் கல்லில் எழுதிப் பொறுப்பேற்றனர். இல்லத்தைவிட்டு வந்தவர் எக்காரணத்தால் வந்தார் என்று அக்கல்வெட்டு கேட்கவில்லை. காக்கிறோம், உணவளிக்கிறோம் என்று மட்டும் சொல்கிறது. அம்மரபில் வந்தவர்கள் நாம்.